கம்ப்யூட்டரின் சூட்டுக் கணக்கு

கோடை பிறந்தால் நம் கன்னிவாடிப் பக்கம் ஐஸ் பெட்டிக்கும் மின்விசிறிக்கும் கிராக்கி வருவதைப் போலக் கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவர்களுக்கும் கிராக்கி வந்துவிடுகிறது. முன்னால் கடை, பின்னாலோ மாடியிலோ வீடு என்று வைத்திருக்கும் வியாபாரிகள் நம்மில் அதிகம். பையன் கேட்டான் என்று நல்ல பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் போட்ட கேம் கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கிக் கொடுத்திருப்போம். பகலில் அதில் பில்லும் ஜி.எஸ்.டி. கணக்கும் ஓடும்; இரவில் விளையாட்டு ஓடும். மாசி வரை ஒழுங்காக இருந்த அந்தப் பெட்டி, சித்திரை வந்ததும் முரண்டு பிடிக்கும். விளையாட்டு தடுமாறும். உள்ளே இருக்கும் விசிறி மாவு மில் போல இரையும். பிறகு ஒரு நாள் திரை சட்டென்று இருண்டு போகும். பத்து நிமிடம் கழித்துப் போட்டால் ஒன்றுமே நடக்காதது போல ஓடும்.

அடுத்து வருவது எஸ்டிமேட். தண்ணீர் கூலர் போட வேண்டும், பெட்டியை மாற்ற வேண்டும், மதர்போர்டே போய்விட்டது என்று ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். அதில் ஒன்று உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் ஆயிரக்கணக்கில் பணம் கொடுப்பதற்கு முன், எந்த இடத்தில் கோளாறு என்பதைக் கடைக்காரரே ஓரளவுக்குக் கண்டுபிடித்துவிட முடியும். அதற்கு எலக்ட்ரானிக்ஸ் படிப்பு தேவையில்லை. விலை போடத் தெரிந்தவருக்கு இந்தக் கணக்கு எளிதில் வரும். ஸ்குரூ டிரைவரைத் தொடவே மாட்டேன் என்பவர்களும் இதைப் படித்து வைத்துக்கொள்ளலாம். மெக்கானிக்கிடம் என்ன கேள்வி கேட்பது என்பதாவது தெரியும்.

சூடு என்பது அழுகும் சரக்கு

பிராசஸருக்குள் போகும் மின்சாரம் அத்தனையும் கடைசியில் சூடாகத்தான் வெளியே வருகிறது. பாதி வேலைக்கு, பாதி சூட்டுக்கு என்ற பங்கீடு அங்கே கிடையாது. நடுத்தர கேம் கம்ப்யூட்டர்களில் பரவலாக இருக்கும் இன்டெல் ஐ5-12400 பிராசஸரை எடுத்துக்கொண்டால் அதன் அடிப்படை அளவு 65 வாட். முழு வேகத்தில் 117 வாட் வரை போகும். உயர்ந்த ரகமான ஐ9-13900கே 253 வாட் வரை இழுக்கும். பழைய 100 வாட் குண்டு பல்பைக் கையால் தொட்டுப் பார்த்தவர்களுக்கு அந்தச் சூடு தெரியும். அதே அளவு சூடு ஒரு தபால் தலை அளவேயான சிலிக்கான் துண்டிலிருந்து கிளம்புகிறது என்று நினைத்துப் பாருங்கள். 1993ல் முதல் பென்டியம் வந்தபோது அது சுமார் 15 வாட்தான். அதற்கே விசிறி வேண்டுமா என்று அப்போது ஆச்சரியப்பட்டார்கள்.

ஒட்டன்சத்திரம் சந்தைக்குத் தக்காளி ஏற்றி அனுப்புகிறவர்களுக்கு ஒரு விஷயத்தை விளக்க வேண்டியதில்லை. தோட்டத்திலிருந்து கூடை, கூடையிலிருந்து வண்டி, வண்டியிலிருந்து மண்டி, மண்டியிலிருந்து வெளியூர் லாரி என்று சரக்கு நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும். நடுவில் எந்த இடத்தில் தேங்கினாலும் கெடுவது தக்காளிதான். சூடும் இப்படித்தான். சிலிக்கானிலிருந்து அதன் மேல் இருக்கும் உலோக மூடிக்கு. மூடியிலிருந்து நடுவில் தடவியிருக்கும் பசைக்கு. பசையிலிருந்து கூலரின் அடித்தட்டுக்கு. அங்கிருந்து மெல்லிய தகடுகளுக்கு. தகடுகளிலிருந்து விசிறிக் காற்றுக்கு. பெட்டிக்குள் இருக்கும் காற்றிலிருந்து அறைக் காற்றுக்கு. இத்தனை கை மாறித்தான் அது வெளியேறுகிறது. பிராசஸர் கொதிக்கிறது என்றால் வழியில் ஏதோ ஓரிடத்தில் தேக்கம் என்று பொருள். பிராசஸரே பழுதாகிச் சூடாவது அபூர்வம்.

அறை சூடு அடக்க விலை. அதன் மேல் ஏற்றம்

மெக்கானிக்கும் சரி, பையனும் சரி, சொல்வது ஒரே ஒரு எண்ணைத்தான். "தொண்ணூறு டிகிரி காட்டுகிறது" என்பார்கள். விற்பனை விலையை மட்டும் சொல்லி லாபமா நஷ்டமா என்று கேட்டால் நாம் என்ன சொல்வோம்? அடக்கம் எவ்வளவு என்று திருப்பிக் கேட்போம். இங்கும் அதைத்தான் கேட்க வேண்டும்.

அறையின் சூடு அடக்க விலை. கம்ப்யூட்டர் தன் பங்குக்கு அதன் மேல் சேர்ப்பது ஏற்றம். இரண்டும் சேர்ந்ததே திரையில் தெரியும் எண். ஒரே வேலையை, ஒரே விசிறி வேகத்தில் செய்யும்போது அந்த ஏற்றம் ஏறக்குறைய மாறாமல் இருக்கும். அறை பத்து டிகிரி கூடினால் பிராசஸரும் ஏறக்குறைய பத்து டிகிரி கூடும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். தை மாதத்தில் அறை 27 டிகிரி. இருபது நிமிடம் விளையாடியதும் பிராசஸர் 72 காட்டியது. ஏற்றம் 45. சித்திரையில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே அறை 39. அதே விளையாட்டு, அதே இருபது நிமிடம், 84 காட்டுகிறது. இப்போதும் ஏற்றம் 45தான். கம்ப்யூட்டரில் ஒரு குறையும் இல்லை. குறை கூரையில் இருக்கிறது. புதுக் கூலருக்குக் கொடுக்கும் பணத்தை வைத்துக் கூரைக்குக் கீழே தெர்மோகோல் அட்டையோ மேலே தென்னங்கீற்றோ போட்டால் கம்ப்யூட்டருக்கும் நல்லது, அந்த அறையில் படுத்துத் தூங்குகிறவருக்கும் நல்லது. அப்படியில்லாமல் அறை அதே 39 இருக்கும்போது பிராசஸர் 96 காட்டினால் ஏற்றம் 57. முன்னைவிடப் பன்னிரண்டு டிகிரி கூடியிருக்கிறது. அந்தப் பன்னிரண்டுக்குத்தான் கம்ப்யூட்டர் பதில் சொல்ல வேண்டும்.

அறையின் சூட்டை அளக்கச் சுவரில் மாட்டும் சாதாரண தெர்மாமீட்டர் போதும். ஆனால் அதைக் கம்ப்யூட்டர் காற்று இழுக்கும் முகப்புக்குப் பக்கத்தில் வைத்து அளக்க வேண்டும். கல்லாவுக்குக் கீழே மரப்பெட்டி போல அடைத்து அதற்குள் கம்ப்யூட்டரைத் தள்ளி வைத்திருப்பவர்கள் உண்டு. அறை 36 டிகிரி இருக்கும்போது அந்தப் பொந்துக்குள் 44 இருக்கும். விட்ட வெப்பக் காற்றையே அது திரும்பத் திரும்ப உள்ளே இழுத்துக்கொண்டிருக்கும்.

பிராசஸரின் சூட்டை விண்டோஸின் டாஸ்க் மேனேஜர் காட்டாது. அது காட்டுவது கிராபிக்ஸ் கார்டின் சூட்டைத்தான். இரண்டையும் குழப்பிக்கொள்கிறவர்கள் நிறைய. எச்.டபிள்யூ. இன்ஃபோ போன்ற இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. அவற்றில் சூடு, விசிறியின் சுற்று, பிராசஸரின் வேகம் மூன்றையும் பார்க்கலாம். பயாஸ் திரையிலும் சூடும் சுற்றும் தெரியும். ஆனால் அங்கே விளையாட்டு ஓடாதாகையால் வேலைச் சூடு தெரியாது.

இந்தக் கணக்கில் இரண்டு இடங்களில் ஏமாந்து போக வாய்ப்பு உண்டு. ஒன்று, அறை 35 இருக்கும்போது பிராசஸர் 29 என்று ஏதாவது மென்பொருள் காட்டினால் நம்பாதீர்கள். காற்றால் குளிரும் எந்தப் பொருளும் அந்தக் காற்றைவிடக் குளிர்ச்சியாக முடியாது. அடக்க விலைக்குக் கீழே விற்று லாபம் சம்பாதித்தேன் என்று சொல்வது மாதிரிதான் அது.

இரண்டாவது, உச்சவரம்பு. எம்.ஆர்.பி. அச்சிட்ட சரக்கை அதற்கு மேல் விற்க முடியாதது போல, ஒவ்வொரு பிராசஸருக்கும் ஒரு உச்சச் சூடு உண்டு. ஐ5-12400க்கு 100 டிகிரி. ஏ.எம்.டி. ரைசன் 5 7600எக்ஸுக்கு 95. ரைசன் 7 7800எக்ஸ்3டிக்கு 89. இந்த எல்லையைத் தொட்டதும் பிராசஸர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அதனால் எண் 100க்கு மேல் ஏறாது. ஏறவில்லையே என்று நிம்மதி அடையக் கூடாது. அந்த நேரத்தில் பார்க்க வேண்டியது வேகம். நான்கு ஆயிரம் மெகாஹெர்ட்சுக்கு மேல் ஓட வேண்டியது இரண்டாயிரத்துச் சொச்சத்தில் ஓடினால் நஷ்டம் அங்கே விழுந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். பையன் "லேக் அடிக்கிறது" என்று சொல்வதற்கு இது ஒரு முக்கியக் காரணம். வேகத்தைக் குறைத்தும் சூடு அடங்கவில்லை என்றால்தான் கடைசியாகத் தன்னைத்தானே அணைத்துக்கொள்கிறது.

இந்தக் காவல் ஏற்பாடு எல்லாக் காலத்திலும் இருந்ததில்லை. 2001ல் டாம்ஸ் ஹார்டுவேர் என்ற பத்திரிகைத் தளம் ஒரு சோதனை செய்து படம் பிடித்தது. குவேக் விளையாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே பிராசஸரின் மேலிருந்து கூலரைக் கழற்றி எடுத்தார்கள். பென்டியம் 4 வேகம் குறைந்து தள்ளாடினாலும் பிழைத்துக்கொண்டது. அன்றைய ஏ.எம்.டி. ஆத்லான் சில நொடிகளில் புகைந்து செத்தது. இன்று இரண்டு நிறுவனங்களின் பிராசஸர்களிலும் அந்தக் காவல் இருக்கிறது. எனவே திரை அணைந்தவுடன் பிராசஸர் எரிந்துவிட்டது என்று சொல்கிறவரைச் சற்று நிறுத்தி வையுங்கள்.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். 2022ல் ரைசன் 7000 வரிசை வந்தபோது, முழு வேலையில் 95 டிகிரி வரை போவது அந்தப் பிராசஸர்களின் இயல்பான அமைப்பே என்று ஏ.எம்.டி. சொல்லிவிட்டது. கூலர் கொடுக்கும் இடம் முழுவதையும் வேகமாக மாற்றிக்கொள்ளும்படி அவை செய்யப்பட்டிருக்கின்றன. அந்த வரிசை வைத்திருப்பவர்கள், கடும் வேலையில் 95ஐப் பார்த்த மாத்திரத்தில் பயப்பட வேண்டியதில்லை. சும்மா இருக்கும்போதே 80ஐத் தாண்டினால்தான் விசாரிக்க வேண்டும்.

எகிறுகிறதா, ஊர்கிறதா

ஏற்றம் கூடியிருப்பது உறுதியானால், தேக்கம் எந்தக் கையில் என்று பார்ப்போம். இதற்கு ஒரு நல்ல சோதனை இருக்கிறது. செலவு ஒரு பைசா இல்லை. கம்ப்யூட்டர் பத்து நிமிடம் சும்மா இருக்கட்டும். பிறகு விளையாட்டையோ, பிராசஸருக்கு முழு வேலை கொடுக்கும் சோதனை மென்பொருளையோ ஓட விட்டுக் கடிகாரத்தோடு பாருங்கள்.

வேலை தொடங்கிய நாலைந்து நொடிக்குள் 50லிருந்து 95க்கு எகிறினால், சூடு பிராசஸரை விட்டுக் கூலருக்கே போய்ச் சேரவில்லை. கூலரின் உலோகம் கனமானது. அதைச் சூடாக்கவே சில நிமிடம் பிடிக்கும். அந்த உலோகம் ஆறிப்போய் இருக்கும்போதே பிராசஸர் கொதிக்கிறதென்றால் கோளாறு தொடும் இடத்தில். பசை காய்ந்திருக்கும், கூலரின் ஒரு கால் பிடி விட்டிருக்கும், அல்லது புதுக் கூலரின் அடியில் ஒட்டி வரும் பிளாஸ்டிக் தாளை உரிக்காமலேயே மாட்டியிருப்பார்கள். சிரிப்பதற்கில்லை, இந்தத் தாள் விவகாரம் உலகம் முழுக்க நடப்பதுதான்.

மாறாக, 60, 70, 80 என்று பத்துப் பதினைந்து நிமிடம் மெல்ல ஊர்ந்து ஏறினால் கூலருக்குச் சூடு ஒழுங்காக வந்து சேருகிறது. அதைக் காற்று கொண்டு போகவில்லை. தூசி, விசிறி, பெட்டி, அறை ஆகியவற்றில் ஒன்று. இதையும் பிரித்துப் பார்க்கலாம். பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றி வைத்துவிட்டு அதே இருபது நிமிடத்தை ஓட்டுங்கள். எட்டுப் பத்து டிகிரி இறங்கினால் பெட்டிக்குள் காற்றோட்டம் போதவில்லை. ஒன்றும் இறங்காவிட்டால் கூலரின் தகடுகளும் விசிறியும்தான் குற்றவாளி. முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி வைத்து வண்ண விளக்கு போட்ட பெட்டிகள் இந்தச் சோதனையில் பெரும்பாலும் தோற்றுப் போகின்றன. கடை அலங்காரத்துக்கு அது அழகுதான். காற்று உள்ளே வர வழி வேண்டாமா?

கழற்றி வைத்தால் குறைகிறதே, அப்படியே விட்டுவிடலாமே என்று தோன்றும். வீட்டில் ஒரு வாரத்துக்குச் சரி. மளிகைக் கடையில் வேண்டாம். காரணம் அடுத்தது.

மளிகைக் கடைத் தூசி

அலுவலகத் தூசி வேறு, நம் கடைத் தூசி வேறு. சாக்கு அவிழ்க்கும்போது பறக்கும் சணல் நார், மைதா, கடலை மாவு, மிளகாய்த் தூள், மல்லித் தூள், வெங்காயச் சருகு எல்லாம் காற்றில் இருக்கின்றன. இதோடு காலையும் மாலையும் போடும் சாம்பிராணி, ஊதுபத்திப் புகை. புகையில் உள்ள எண்ணெய்ப் பசை தகடுகளில் மெல்லப் படிந்துவிடும். அதன் மேல் மாவு ஒட்டும். மாவின் மேல் நார் ஒட்டும். ஒரு வருடத்தில் தகடுகளுக்கு நடுவே கம்பளி போல ஒரு போர்வை விழுந்துவிடும். விசிறி சுற்றும், சத்தமும் போடும், காற்று மட்டும் போகாது. மேலாகப் பார்த்தால் விசிறி சுத்தமாகவே தெரியும். போர்வை இருப்பது விசிறிக்கும் தகட்டுக்கும் இடையில்.

சுத்தம் செய்யும் முறை. முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள், யு.பி.எஸ்ஸில் இணைத்திருந்தால் அதிலிருந்தும் பிடுங்குங்கள். பிறகு பவர் பட்டனைச் சில நொடி அழுத்திப் பிடித்தால் உள்ளே மிச்சமிருக்கும் மின்சாரம் வடியும். பெட்டியைக் கடைக்குள் வைத்து ஊதாதீர்கள். திறந்த வெளிக்குக் கொண்டு போங்கள். மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்ளுங்கள். மிளகாய்த் தூள் கலந்த தூசியை ஊதிய பிறகு இந்த யோசனை வந்து பயனில்லை. ஊதுவதற்குக் கையில் பிடிக்கும் மின் புளோயர் நல்லது. ஊதும்போது விசிறியின் இறக்கையை ஒரு விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும்; காற்றின் வேகத்தில் அளவுக்கு மீறிச் சுழன்றால் அதன் அச்சு தேயும். போர்வை கெட்டியாக இருந்தால் விசிறியைத் தனியாகக் கழற்றி, பழைய பெயிண்ட் பிரஷால் தகடுகளைத் தட்டி எடுக்கலாம். ஈரத் துணி கூடாது. வீட்டுத் தூசி உறிஞ்சியின் குழாயை மதர்போர்டுக்குப் பக்கத்தில் கொண்டு போகக் கூடாது. அதில் உண்டாகும் நிலைமின்சாரம் சில்லுகளைக் கெடுக்கும். மின்சாரம் வரும் பவர் சப்ளைப் பெட்டியை எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் கண்டென்சர்களில் ஆளைத் தூக்கி எறியும் மின்சாரம் தங்கியிருக்கும். வெளியிலிருந்து ஊதினால் போதும்.

பல்லி முட்டை, கரப்பான், எறும்புப் புற்று எல்லாம் உள்ளே இருக்கலாம். கம்ப்யூட்டர் எப்போதும் இளஞ்சூடாக இருப்பதால் அவற்றுக்கு அது பிடித்த இடம். பின்பக்கம் கார்டு போடாத இடைவெளிகளுக்கு உரிய தகட்டு மூடியைப் போட்டுவிட்டால் பாதிப் பேர் வரமாட்டார்கள்.

மாடி வீட்டில் ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஊதினால் போதும். கடைக்குள் இருக்கும் பெட்டியை இரண்டு மாதத்துக்கு ஒரு முறை ஊத வேண்டும். மாவு அரைக்கிற இடமாக இருந்தால் மாதம் ஒரு முறை. பெட்டியைத் தரையில் வைக்காமல் இடுப்பு உயரத்தில் வைத்தாலே தூசி கணிசமாகக் குறையும்; பெருக்குமாறு கிளப்புவதெல்லாம் முழங்காலுக்குக் கீழேதான். குளிர்பான ஃபிரிட்ஜின் பின்புறத்துக்கு எதிரே வைக்க வேண்டாம். அது தன் சூட்டை அங்கேதான் கக்குகிறது. தூசி படக் கூடாது என்று பிளாஸ்டிக் உறை போடுகிறவர்கள், ஓடும்போது அதைக் கழற்ற மறந்துவிடுகிறார்கள். உறை போட்டு ஓட்டுவதைவிடத் தூசியோடு ஓட்டுவது மேல்.

பசை மாற்றுவது

எகிறும் ரகக் கோளாறுக்கு மருந்து பசை. ஒரு சிறு குழாய் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். நாலைந்து முறைக்கு வரும். கழற்றுவதற்கு முன் கம்ப்யூட்டரைப் பத்து நிமிடம் ஓட்டி, அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, பசை இளகியிருக்கும்போதே எடுக்க வேண்டும். கூலரை நேராக மேலே இழுக்காமல் இடமும் வலமும் மெல்லத் திருகி எடுங்கள். ரைசன் 5000 வரிசை வரையுள்ள ஏ.எம்.டி. பிராசஸர்களில் இது மிக முக்கியம். அவற்றுக்குப் பின்கள் பிராசஸரின் அடியிலேயே இருக்கின்றன. காய்ந்த பசை கூலரோடு சேர்த்துப் பிராசஸரையும் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். பின்கள் வளைந்தால் நஷ்டம் பெரிது.

பழைய பசையை ஐசோபுரோபைல் ஆல்கஹால் நனைத்த பஞ்சாலோ நார் உதிராத துணியாலோ இரண்டு பக்கமும் துடைத்து, உலர விடுங்கள். புதுப் பசை எவ்வளவு? ஒரு பச்சைப் பட்டாணி அளவு, நடுவில். சாதாரண பிராசஸர்களுக்கு அது போதும். கொண்டைக்கடலை அளவு வேண்டாம். பசையின் வேலை இரண்டு உலோகத்துக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத பள்ளங்களில் தங்கியிருக்கும் காற்றை வெளியேற்றுவது மட்டுமே. உலோகத்தைவிட அது சூட்டைக் குறைவாகத்தான் கடத்தும். அதனால் கனமாகப் பூசினால் பாதகம். பிறகு திருகாணிகளை ஒரே பக்கமாக முடுக்காமல் மூலைக்கு மூலை மாற்றி, இரண்டு இரண்டு சுற்றாக முடுக்குங்கள். இன்டெலோடு இலவசமாக வரும் கூலரில் நான்கு பிளாஸ்டிக் கால்கள் இருக்கும். நான்கும் "கிளிக்" என்று விழ வேண்டும். மூன்று விழுந்து ஒன்று விழாமல் இருப்பது, எகிறும் கோளாறுக்கு வழக்கமான காரணங்களில் ஒன்று. விசிறியின் ஒயரை மதர்போர்டில் சி.பி.யு. ஃபேன் என்று எழுதியிருக்கும் இடத்தில்தான் செருக வேண்டும். வேறு இடத்தில் செருகினால் பிராசஸர் கொதித்தாலும் விசிறிக்குத் தெரியாமல் போகலாம்.

சும்மா இருக்கும்போதே சூடு

விளையாட்டு எதுவும் ஓடவில்லை, பில் மட்டும் திறந்திருக்கிறது, ஆனாலும் 75 டிகிரி என்றால் உடனே கூலரைக் குறை சொல்லாதீர்கள். டாஸ்க் மேனேஜரைத் திறந்து பிராசஸரின் உபயோகம் எத்தனை சதவிகிதம் என்று பாருங்கள். சும்மா இருக்கும் கம்ப்யூட்டரில் அது ஒற்றை இலக்கத்தில் இருக்க வேண்டும். ஐம்பது, அறுபது காட்டினால் உள்ளே யாரோ வேலை வாங்குகிறார்கள். விண்டோஸ் அப்டேட்டாக இருக்கலாம். அது கொஞ்ச நேரத்தில் அடங்கும். அடங்கவே இல்லையென்றால், காசு கொடுக்காமல் எங்கிருந்தோ இறக்கிய திருட்டு விளையாட்டோடு வந்த வைரஸாக இருக்கலாம். நம் மின்சாரத்தில், நம் பிராசஸரில், வேறொருவருக்குக் கிரிப்டோ நாணயம் தோண்டிக் கொடுக்கும் வைரஸ்கள் உண்டு. டாஸ்க் மேனேஜரைத் திறந்ததும் ஒளிந்துகொள்ளும் ரகமும் இருக்கிறது. அப்போது சூடும் சட்டென்று இறங்கும், அதுவே அடையாளம். கடையின் கணக்கும் வங்கி வேலையும் நடக்கும் கம்ப்யூட்டரில் இது சூட்டைவிடப் பெரிய ஆபத்து. என் கருத்தைச் சொல்வதானால், பில் போடும் கம்ப்யூட்டரையும் விளையாடும் கம்ப்யூட்டரையும் பிரித்துவிடுவதே நல்லது. பில்லுக்கு ஒரு சாதாரண பழைய பெட்டி போதும். அது சூடாகவே ஆகாது.

செட்டிங்கிலும் கொஞ்சம் சூடு ஒளிந்திருக்கிறது. பல மதர்போர்டுகள் தங்கள் பெருமைக்காகப் பிராசஸரின் மின் வரம்பைத் தாமாகவே தளர்த்தி வைக்கின்றன. பயாஸில் அதை இன்டெல் அல்லது ஏ.எம்.டி. சொன்ன அளவுக்குக் கொண்டு வந்தால் வேகத்தில் கொஞ்சம்தான் குறையும், சூடு நன்றாக இறங்கும். சாதாரண 60 ஹெர்ட்ஸ் மானிட்டர் வைத்துக்கொண்டு விளையாட்டை நொடிக்கு 200 படம் ஓட விடுவதில் பயனில்லை. திரை காட்டப்போவது 60தான். விளையாட்டின் செட்டிங்கில் 60 என்று கட்டினால் பிராசஸருக்கும் கிராபிக்ஸ் கார்டுக்கும் வேலை குறையும். கோடை இரண்டு மாதத்துக்கு மட்டும் ஒரு தற்காலிக வழியும் உண்டு. விண்டோஸின் பவர் செட்டிங்கில் பிராசஸரின் அதிகபட்ச நிலையை 100லிருந்து 99 சதவிகிதமாக்கினால், பெரும்பாலான இன்டெல் பிராசஸர்களில் கூடுதல் வேகப் பாய்ச்சல் நின்றுவிடும். பத்து, பதினைந்து டிகிரி இறங்கினாலும் ஆச்சரியமில்லை. பையன் ஒத்துக்கொள்வானா என்பது வேறு விஷயம்.

மலை மேல் கடை வைத்திருப்பவர்களுக்கு

பண்ணைக்காடு, கொடைக்கானல் பக்கம் உள்ளவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லையே என்று கீழே உள்ளவர்கள் நினைப்பார்கள். பாதி உண்மை. கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கன்னிவாடியில் 38 டிகிரி கொளுத்தும் மதியத்தில் அங்கே 20 டிகிரி இருக்கலாம். அடக்க விலையே பதினெட்டு குறைவு. ஆனால் உயரம் ஏற ஏறக் காற்று மெலிகிறது. அங்கே காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைப்போல ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்குதான். விசிறி அதே வேகத்தில் சுற்றினாலும் தள்ளுகிற காற்றின் எடை குறைவு. அது சுமந்து போகும் சூடும் குறைவு. ஆகவே ஏற்றம் அங்கே சில டிகிரி கூடுதலாகத்தான் இருக்கும். மொத்தத்தில் லாபம் மலைக்காரருக்குத்தான். ஆனாலும் விசிறி தேவையில்லை என்று கழற்றி வைக்கிற அளவுக்கு அல்ல. அங்கே உண்மையான பகை ஈரம். மாதக்கணக்கில் மூடி வைத்த கம்ப்யூட்டரில் பூஞ்சையும் துருவும் பிடிக்கும். தினமும் கொஞ்ச நேரம் ஓடிக்கொண்டிருப்பது அதற்கு நல்லது. மேலிருந்து குளிர்ந்த பெட்டியைக் கீழே கொண்டு வந்தால் உடனே சுவிட்ச் போடாதீர்கள். சோடா பாட்டிலின் மேல் வியர்ப்பது போல உள்ளே ஈரம் படியும். இரண்டு மணி நேரம் காத்திருங்கள்.

வாங்கும்போது

தண்ணீர் கூலர் மோசம் என்று சொல்ல மாட்டேன். 250 வாட் பிராசஸருக்கு அது பொருத்தமானதே. ஆனால் அதில் பம்பு என்ற ஒரு பாகம் கூடுதலாக இருக்கிறது. கூடுதல் பாகம் என்றால் கூடுதல் பழுது. பம்பு நின்றால் விசிறி சுற்றிக்கொண்டே இருக்கும், பிராசஸர் எகிறும். 65 வாட் ரகப் பிராசஸருக்கு இரண்டாயிரம், மூவாயிரத்துக்குள் கிடைக்கும் நல்ல காற்றுக் கூலர் தாராளம். அதில் கெடக்கூடியது விசிறி ஒன்றுதான். அதை மட்டும் தனியாக மாற்றிக்கொள்ளலாம்.

பழைய கேம் கம்ப்யூட்டர் மலிவாக வருகிறதென்றால், இருபது நிமிடம் ஓட்டிக் காட்டச் சொல்லி ஏற்றத்தைக் குறித்துக்கொண்டு பிறகு விலை பேசுங்கள். இன்டெலின் 13, 14வது தலைமுறை உயர்ரக டெஸ்க்டாப் பிராசஸர் போட்டதாக இருந்தால் இன்னும் ஒன்று கேட்க வேண்டும். அவற்றில் மின்னழுத்தம் அளவுக்கு மீறிப் போய்ப் பிராசஸரையே கெடுக்கும் குறை இருந்ததை இன்டெல் 2024ல் ஒப்புக்கொண்டு, ஆகஸ்ட் மாதம் திருத்தம் வெளியிட்டது. வாரண்டியையும் இரண்டு வருடம் நீட்டித்தது. சூடு ஒழுங்காக இருந்தும் விளையாட்டு அடிக்கடி அறுந்து விழுந்தால் இந்தக் குறையாக இருக்கலாம். பசை மாற்றினாலும் கூலர் மாற்றினாலும் தீராது. பயாஸ் புதுப்பிக்கப்பட்டதா என்று கேளுங்கள். வாரண்டிச் சீட்டையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் தீரவில்லை என்று திண்டுக்கல்லுக்கு எடுத்துப் போவதானால், பெரிய கூலர் உள்ள பெட்டியை நிமிர்த்தி வைத்துப் பஸ்ஸில் கொண்டு போக வேண்டாம். ஒரு கிலோ கனம் மதர்போர்டில் பக்கவாட்டில் தொங்கிக்கொண்டு குலுங்கும். மதர்போர்டு தரைக்கு இணையாகவும் கூலர் மேல்பக்கமாகவும் இருக்கும்படி படுக்க வைத்து, அடியில் ஒரு சாக்கு மடித்துப் போடுங்கள். கொடுக்கும்போதே உங்கள் அறை சூடு, பிராசஸர் சூடு, ஏற்றம் மூன்றையும் ஒரு சீட்டில் எழுதிக் கொடுங்கள். திரும்ப வாங்கும்போது அவர் கடையிலேயே அதே விளையாட்டை இருபது நிமிடம் ஓட்டச் சொல்லி, ஏற்றம் எத்தனை டிகிரி இறங்கியிருக்கிறது என்று பார்த்த பிறகு பில்லுக்குப் பணம் கொடுங்கள்.